கதிர்வீச்சு கடலில் கலந்தால் வேம்பார் சங்குக்கு என்ன ஆகும்?

வேம்பாரில் இருந்து கூடங்குளம் நேர்க்கோட்டில் சுமார் 120 கி.மீ. தூரம். அங்கே தலா 1,000 மெகாவாட் திறனுள்ள 2 அணு உலைகள் ஓடுகின்றன. மேலும் 4 கட்டப்பட்டு வருகின்றன. 'அங்க ஏதாவது ஆச்சுன்னா நம்ம கடல் என்ன ஆகும்?' என்பது தென்கடற்கரையில் பழைய கேள்வி.

எந்த உயிரில் எப்படிச் சேரும்?

சீசியம்-137, பொட்டாசியம் போல நடந்துகொள்ளும். அதனால் மீனின் சதையில் சேரும். ஸ்ட்ரான்சியம்-90, கால்சியம் மாதிரி. மீன் முள், சங்கு, சிப்பி ஓடு, பவளப்பாறை ஆகியவற்றில் தங்கும். இரண்டும் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகும். சிப்பி ஒரே இடத்தில் இருந்து தண்ணீரை வடிகட்டி இரை எடுக்கும். அதனால்தான் கடல் மாசை அளக்கப் பல நாடுகளில் சிப்பியைச் சோதிக்கிறார்கள்.

உலை வழக்கம்போல ஓடும்போது?

அப்போதும் சிறிதளவு ட்ரிட்டியம் கடலுக்குப் போகும். அது தண்ணீரோடு கலந்து நீர்த்துவிடும். சீசியம் போல உடலில் தங்காது. உலைக்குப் பக்கத்தில் உடனடிக் கவலை வெப்பம்தான். குளிர்விக்கப் பயன்பட்ட நீர், கடல்நீரைவிட 7 டிகிரி வரை கூடுதல் சூட்டோடு வெளியேற விதி அனுமதிக்கிறது. அந்தச் சூடு வேம்பார் வரை வராது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016-ல் பவளப்பாறைகள் வெளுத்ததற்குக் காரணம், கடலே சூடானது.

விபத்து நடந்தால்?

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011-ல் விபத்து நடந்ததும் அந்தக் கரையில் மீன்பிடி நின்றது. 10 ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரியில் பிடிபட்ட ஒரு பாறை மீனில் கிலோவுக்கு 500 பெக்கரல் சீசியம் இருந்தது. அங்கே வரம்பு 100. அடுத்த அடி சந்தையில் விழுந்தது. 2023 ஆகஸ்டில் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கிய அன்றே, ஜப்பான் கடலுணவு மொத்தத்துக்கும் சீனா தடை போட்டது. சந்தைக்கு வந்த மீன் வரம்புக்குள் இருந்தும் பலனில்லை.

வேம்பாருக்கு இதில் என்ன?

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் உப்புத்தண்ணி, புலுவினிசல்லி, நல்லதண்ணி மூன்றும் வேம்பார் தொகுதி. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. சங்கும் மீனும்தான் இப்போது சோறு போடுகின்றன.

கூடங்குளத்தைச் சுற்றி 30 கி.மீ. வரை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகம் மண், நீர், மீன் மாதிரிகளை அளக்கிறது. வேம்பார் அந்த வட்டத்துக்கு வெளியே. இங்குள்ள சங்கிலும் சிப்பியிலும் இன்று எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து, தமிழில் வெளியிடச் செலவு அதிகமில்லை. அந்தக் கணக்கு கையில இருந்தாத்தான், நாளைக்கு வாட்ஸ்அப் வதந்தி கிளம்பினா 'எங்க மீன் சுத்தம்'னு காட்ட முடியும். நிஜமாவே ஏதாவது நடந்தா நஷ்டஈடும் கேட்க முடியும்.