ஒரு நீர்மூழ்கியின் பணிப்பதிவேடு



ரயில்வேயில் ஊழியம் புரிவோர் ஒவ்வொருவருக்கும் பணிப்பதிவேடு ஒன்றுண்டு. சேர்ந்த நாள், மாறிய ஊர், எடுத்த விடுப்பு, ஓய்வு பெற்ற நாள் யாவும் அதில் ஏறும். குமாஸ்தாவாகிய நாம் அன்றாடம் புரட்டுவன அவ்வேடுகளே. போர்க் கப்பலுக்கும் அத்தகைய பதிவேடு உண்டு. இம்மாதம் அவற்றுள் ஒன்றைக் காண்போம்.

ஜெர்மனியின் 'யு-180' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் பிரெமன் நகரில் கட்டப்பெற்று, 1942 மே 16ஆம் நாள் பணியேற்றது. அதன் தலைவர் வெர்னர் முசன்பெர்க். 1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்தை விட்டு அது புறப்பட்டபோது உள்ளே பிரயாணிகள் இருவர் இருந்தனர். ஒருவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். மற்றவர் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன்.

விரைவுப் படகுகளுக்கென அமைந்த டீசல் இயந்திரங்கள் ஆறினை அக்கப்பலிற் பொருத்தியிருந்தனர். அவை மிகுந்த வெப்பத்தையும் புகையையும் கக்கின. அந்த இடுக்கில் பதினொரு வாரம் கழிந்தது. பூமியின் அடியிலே புழுக்கத்தில் உழைத்தவர்தம் பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஏப்ரல் 18 அன்று 'கார்பிஸ்' என்னும் பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. மாலுமிகள் பலர் மாண்டனர். இதுவும் பதிவேட்டில் உள்ளதே, மறைப்பதற்கில்லை.

பின்னர் மடகாஸ்கருக்கு அப்பால் ஜப்பானிய நீர்மூழ்கி 'ஐ-29' எதிர்ப்பட்டது. கடல் கொந்தளித்தமையால் காத்திருந்து, ஏப்ரல் 28 அன்று ரப்பர்ப் படகின் வழியே நேதாஜியும் ஹசனும் அதற்கு மாறினர். மே மாதம் சுமத்ராவை அடுத்த சபாங்கில் கரையேறினர். ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்றபோது, அவர் பின்னே திரண்டோருள் மலேயாத் தோட்டங்களிற் பால் வெட்டிய தமிழர் பலர். நம்மைப் போலவே பிழைப்பு நாடிக் கடல் கடந்த குடும்பத்தார் அவர்கள்.

ஐ-29 மாற்றிக் கொடுத்த சரக்குள் ஏறத்தாழ 2 டன் பொன்னும் இருந்தது. பெர்லினிலிருந்த ஜப்பானியத் தூதரகத்துக்கென அனுப்பப்பட்டது அது. தங்கவயல் வாசகர் இவ்விடத்தில் சற்றே நிமிர்ந்து உட்கார்வர்!

யு-180, 1943 ஜூலை 3 அன்று பிரான்சின் போர்தோ துறையை அடைந்தது. பிறகு சரக்குக் கப்பலாக மாற்றப்பெற்று, 1944 ஆகஸ்டில் ஜப்பானை நோக்கிப் புறப்பட்டது. பிஸ்கே விரிகுடாவில் மறைந்தது. அதிலிருந்த 56 பேரில் ஒருவரும் மீளவில்லை. பதிவேடு அத்துடன் முடிகிறது.

நம் பாட்டனார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்தவர். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தக் குழியில் இறங்கினார், எந்த லைன் வீட்டில் முதலிற் குடியேறினார் என்பதை நம் வீட்டில் இன்று அறிந்தவர் இல்லை. பாட்டியார் அறிந்திருந்தார்; நாம் கேட்கவில்லை. அயல்நாட்டுக் கப்பலொன்றின் நாட்கணக்கை எண்பது ஆண்டு கடந்தும் ஒப்பிக்கின்றோம்; நமக்குச் சோறிட்டவரின் கணக்கில் ஒரு வரியும் நம்மிடம் இல்லை.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவற்றுள் இறங்கி உழைத்தோர் இன்னும் நம்மிடையே உளர். இன்றிரவே அவர்தம் அருகில் அமர்ந்து கேளுங்கள்: சொந்த ஊர் எது, வந்த ஆண்டு எது, செய்த வேலை யாது, உடனுழைத்து மாண்டவர் எவர்? பிள்ளைகளின் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் போதும். குமாஸ்தாவின் அனுபவம் ஒன்று உண்டு: ஏட்டில் ஏறாத ஊழியத்தைப் பின்னர் எவராலும் மெய்ப்பித்தல் அரிது.