தபாலுக்கு வந்தவர் சரக்கும் வாங்கினார்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹெட்ஸ்வில் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு பலசரக்குக் கடைக்குள்ளேயே 1861 முதல் 1914 வரை தபால் நிலையம் இயங்கியது. அந்தக் கடையை 1971ல் அப்படியே பிரித்தெடுத்து, தலைநகர் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். பழமைச் சின்னம்தானே என்று வணிகர்களாகிய நாம் ஒதுக்கிவிட முடியாது. அதில் நம் கதையும் இருக்கிறது.

அக்காலத்தில் அந்நாட்டுக் கிராமங்களில் கடிதங்களை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் இல்லை. விவசாயி கடைக்குத்தான் வரவேண்டும். பல ஊர்களில் கடைக்காரரே போஸ்ட்மாஸ்டர். கிடைத்த ஊதியம் சொற்பம்; ஆட்சி மாறினால் பதவியும் கைமாறும். ஆனாலும் அதற்குப் போட்டி இருந்தது. கடிதம் கேட்டு வந்தவர் சர்க்கரையோ உப்போ மண்ணெண்ணெயோ வாங்கிக்கொண்டுதானே போவார்!

1896ல் அதே மேற்கு வர்ஜீனியாவில்தான் கிராமத்து வீடுகளுக்கு இலவசத் தபால் பட்டுவாடா தொடங்கியது. இதற்காக முன்னரே வாதாடியவர், 1889 முதல் 1893 வரை தபால் துறைத் தலைவராக இருந்த ஜான் வானமேக்கர். அவரும் பிலடெல்பியாவில் மிகப் பெரிய கடை நடத்திய வணிகரே! 1901ல் 76,945 ஆக இருந்த தபால் நிலையங்கள் பிறகு குறைந்துகொண்டே வந்தன. 1913 ஜனவரி 1 முதல் பார்சல் தபாலும் வந்தது. சியர்ஸ் போன்ற நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் அனுப்பினால் சரக்கு வீட்டு வாசலுக்கே வந்தது. கிராமக் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் தாமதமாயிற்றே தவிர, நிற்கவில்லை.

இன்று செல்போனில் ஆர்டர் எடுத்துப் பத்து நிமிடத்தில் பருப்பு கொண்டுவரும் நிறுவனங்களைப் பார்த்து நாமும் கலங்குகிறோம். அடக்க விலைக்கும் கீழே விற்று நம்மை ஒழிக்க நினைப்பவர்களை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதைக் கைவிடக் கூடாது. ஆனால் கோரிக்கை மட்டும் கடையைக் காப்பாற்றாது.

அந்தக் கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளரை அழைத்து வந்த தபால், அரசின் சொத்து. அரசு எடுத்துக்கொண்டதும் கூட்டமும் போயிற்று. நம்மிடம் இருப்பது நம் சொந்தச் சரக்கு: சரியான எடை, ஐம்பது கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுப்பது, நாணயம் தெரிந்து தரும் கடன். இதோடு வீட்டுக்கு அனுப்பும் வசதியையும் சேர்க்க வேண்டும். தனித்தனியாக ஆள் போட்டால் கட்டுப்படியாகாது. ஒரே தெருவில் நான்கு கடைகள் சேர்ந்து ஒரு பையனை, ஒரு வண்டியை வைத்துக்கொள்ளலாமே? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.