மண்ணையும் சேர்த்துக் கணக்கெடுங்கள்

மரம் அதிகமானால் சேரும் கரிமமும் அதிகமாகும் என்ற எண்ணம் அரசு அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. வில்பட்டி கிராமத்துக்கு மேலே விரியும் பழனி மலையில் அந்த எண்ணம் ஏற்கெனவே பெரும் சேதம் செய்துவிட்டது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதைக் கண்டறிந்தார்கள். அந்த இடத்தை அந்நிய மரங்களான வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் பிடித்துக்கொண்டன.

கரிமத்தை அளக்கும் முறை எளிதுதான். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நாடா பிடிப்பார்கள். மரத்தின் உயரத்தையும் கட்டையின் அடர்த்தியையும் சேர்த்துச் சூத்திரத்தில் இட்டால் எடை கிடைக்கும். உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். நெட்டுக்குத்தாக நிற்கும் பைனுக்கு இது பொருந்தும். இம்மலையின் இயற்கைக் காடான சோலைக்குள் நாவல் இனத்து முதுமரம் ஒன்றை அளந்து பாருங்கள். தூர் சாய்ந்திருக்கும், இடுப்பளவிலேயே இரண்டாகப் பிரிந்திருக்கும். பாசியையும் ஆர்க்கிட் வேரையும் விலக்காமல் நாடா பட்டையைத் தொடாது. உள்ளே பொந்து இருந்தால் அது நாடாவுக்குத் தெரியவே தெரியாது.

மரத்தோடு கணக்கு முடிவதுமில்லை. வேர், பட்ட மரம், சருகு, மண் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும் என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டுதல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில முதுகாடுகளில் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,867 டன் கரிமம் இருப்பதாக 2009-ல் வெளியான ஆய்வு, பட்ட மரங்களையும் சேர்த்தே எண்ணியது. அங்கு ஓங்கி நிற்பதும் யூக்கலிப்டஸ் வகைதான். ஆனால் அது அதன் தாய்மண்.

நம் மலையின் செல்வம் பெரும்பாலும் காலடியில் இருக்கிறது. குளிரில் மட்கு மெதுவாகச் சிதைவதால் கரிமம் மண்ணிலேயே தங்குகிறது. இதேபோல் குளிரான நீலகிரியின் சதுப்புக் கரி சுமார் 20,000 ஆண்டுகளின் தாவர வரலாற்றைக் காத்து வைத்திருப்பதை 1993-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீத மர நிழல் இருந்தால் அது 'காடு'. எந்த மரம் என்ற கேள்வியே இல்லை. வாட்டில் தோட்டம் காடாகிவிடுகிறது, புல்வெளி வெற்றிடமாகிவிடுகிறது.

மரப்பரப்பை 33 சதவீதமாக்கும் தமிழக அரசின் இலக்கு நல்லதே. ஆனால் அதைக் காட்டிப் பழனி மலையின் எஞ்சிய புல்வெளியில் ஒரு கன்றுகூட நடக்கூடாது. வாட்டிலை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதும் சரியல்ல. அதன் நிழலில் சோலைக் கன்றுகள் தலையெடுக்கும் இடங்கள் உண்டு.

சோலை, புல்வெளி, அந்நிய மரத்தோட்டம் மூன்றிலும் வனத்துறை நிரந்தர அளவைத் திடல்களை அமைத்து, மண்ணை ஒரு மீட்டர் ஆழம்வரை சோதிக்க வேண்டும். முடிவுகளை வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் கிராம சபைகளில் தமிழில் வைக்க வேண்டும். அதுவரை இம்மலையில் மரநடவைக் காட்டிக் கார்பன் கிரெடிட் விற்க அரசு அனுமதிக்கக் கூடாது.