கோடு இருக்கட்டும், தரகு ஒழியட்டும்!

சொந்த நாட்டுக்குள்ளே ஓர் ஊருக்குப் போவதற்குச் சீட்டா? எவருக்கும் முதலில் எழுகிற கேள்வி இதுதான். சென்னையில் இரயிலேறினால் அஸ்ஸாம் வரையில் யாருடைய உத்தரவும் இல்லாமல் போய்ச் சேரலாம். அதைத் தாண்டி, அருணாசலப் பிரதேசத்தின் வாயிலான பாலுக்போங் சாவடிக்கு வந்ததும், "பெர்மிட் எங்கே?" என்று காவலர் கை நீட்டுகிறார். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தவாங் மடத்தைக் காணப் புறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கும் இதே விதி. தில்லியிலிருந்து காரில் வருகிற செல்வந்தருக்கும் இதே விதி.

"இதென்ன அக்கிரமம்! நாட்டுக்குள்ளே இன்னொரு வேலியா?" என்று சீறுவோர் இருக்கிறார்கள். அந்தச் சீற்றத்தில் நாம் பங்குகொள்ள மாட்டோம். வேலியைக் கண்டவுடன் வெட்டக் கிளம்புகிறவன் நல்ல உழவனல்லன். வேலியைப் போட்டவர் யார், அது காப்பது எதை, இன்று அதன் வாயிலில் உட்கார்ந்து காசு பார்க்கிறவர் யார் என்ற மூன்றையும் விசாரித்த பிறகே அரிவாளில் கை வைக்க வேண்டும். விசாரிப்போம்.

போட்டவன் வெள்ளைக்காரன். 1873-ஆம் ஆண்டில் வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டம் என்ற பெயரில் அவன் கிழித்த கோடுதான் 'இன்னர் லைன்' எனப்படும் உள்கோடு. மலைவாசியின் மேல் கொண்ட பரிவினால் அவன் அதைக் கிழிக்கவில்லை. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் அடிவாரத்துக் காடுகளை விழுங்கிக்கொண்டே மேலேறினார்கள். ரப்பருக்கும் யானைக்கும் ஆசைப்பட்ட வியாபாரிகள் பின்தொடர்ந்தார்கள். மலை மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஒவ்வொரு சண்டைக்கும் படையனுப்பும் செலவு சர்க்காரின் தலையில் விழுந்தது. செலவைக் குறைக்கத் துரைத்தனம் கண்ட வழி, கோட்டுக்கு அப்பால் சீட்டில்லாமல் எவரும் போகக் கூடாது, அப்பாலுள்ள நிலத்தை வெளியார் தம் விருப்பப்படி வாங்கக் கூடாது என்பது.

நோக்கம் கோணல்தான். ஆனால் கோணல் கையால் நட்ட மரமும் நிழல் தரும் அல்லவா? துரைத்தனம் போனது, சட்டத்தில் 'பிரிட்டிஷ் பிரஜை' என்றிருந்த இடத்தில் 'இந்தியக் குடிமகன்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது, கோடு நின்றது. அது நின்ற இடங்களில் மலைவாசியின் நிலம் மலைவாசியின் கையிலேயே பெரும்பாலும் நின்றது. கோடு இல்லாத திரிபுராவில் நடந்ததென்ன? ஒரு காலத்தில் அந்த மண்ணில் பெரும்பான்மையாக இருந்த பழங்குடி மக்கள், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 32 பேர்கூட இல்லை. நாட்டுப் பிரிவினையில் வீடிழந்து ஓடிவந்த அகதிகளை நாம் குற்றஞ்சொல்லவில்லை, அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே. ஆனாலும் தன் மண்ணிலேயே தான் சிறுபான்மையாகிப் போன மலைவாசியின் வேதனை பொய்யாகிவிடாது.

அதனால்தான் மற்ற மலை மக்கள் இந்தக் கோட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மூன்றோடு, 2019 டிசம்பரில் மணிப்பூரும் உள்கோட்டுக்குள் வந்தது. அதே மாதம் 19-ஆம் நாள், எங்களுக்கும் அந்தக் காப்பு வேண்டுமென்று மேகாலயா சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. வேண்டாத விலங்கை எவனாவது வலியப் போய்க் கேட்பானா? ஆகவே, "சீட்டையெல்லாம் ஒழி, சுற்றுலா செழிக்கும்" என்று கூவுகிற ஓட்டல் முதலாளிகளின் கூச்சலோடு நம் குரல் சேராது. அவர்கள் கேட்பது வழியில்லை; வழியோரத்து நிலம்.

சரி, கோடு காப்பது நிலத்தை என்று கண்டோம். இனி வாயிலில் உட்கார்ந்திருப்பது யார் என்பதைக் காண்போம்.

உள்நாட்டானுக்கு உள்கோட்டுச் சீட்டு. வெளிநாட்டானுக்கு அதற்கு மேலும் ஒரு பூட்டு. 1958-இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கென்று ஓர் ஆணை. 1963-இல் தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்கென்று ஓர் ஆணை. இடையிலே 1962-இல் சீனப் படையெடுப்பு. அந்த அச்சத்தில் பூட்டு இறுகியதை நாம் புரிந்துகொள்கிறோம். படை நிற்கும் இடத்தில் கண்டவரெல்லாம் நடமாட முடியாது. சிக்கிமின் நாதுலா கணவாய்க்கு இன்றும் வெளிநாட்டாருக்கு வழியில்லை. தவாங்குக்கு மேலேயுள்ள பூம் லா கணவாய்க்குப் போக நம் நாட்டாரும் தனி அனுமதி பெற வேண்டும். எல்லை முனையில் இந்தக் கண்டிப்பு தேவையே.

ஆனால் முனையை விட்டு உள்ளே, பள்ளத்தாக்குகளிலும் ஊர்களிலும் நடைபெறுவதென்ன? அருணாசலத்துக்குள் நுழைய விரும்பும் வெளிநாட்டுப் பயணி தனியாக வரக் கூடாதாம்; குறைந்தது இருவராக வர வேண்டுமாம்; அதுவும் பதிவு பெற்ற ஏஜெண்டு மூலமாக வர வேண்டுமாம். லடாக்கின் நூப்ராப் பள்ளத்தாக்குக்கும் பாங்காங் ஏரிக்கும் ஏறக்குறைய இதே கதை. நாம் கேட்கிறோம்: ஒருவன் வந்தால் ஒற்றன், இருவர் வந்தால் விருந்தாளியா? ஒற்றனாக வர நினைப்பவன் கூட ஒருவனை அழைத்துக்கொண்டு வர அறியமாட்டானா? இரண்டு பேருக்குப் பணம் கட்டத் திராணி உள்ளவனை நம்பலாம், ஒருவனுக்கு மட்டும் கட்டக்கூடியவனை நம்பக் கூடாது என்பதுதான் பாதுகாப்பு விதியா?

நடைமுறையோ இன்னும் வேடிக்கை. தனியாக வந்து நிற்பவனை ஏஜெண்டு திருப்பி அனுப்புவதில்லை. முன்பின் அறியாத இன்னொருவன் பெயரோடு அவன் பெயரையும் ஒரே தாளில் எழுதி இருவராக்கிவிடுகிறார். தாளில் இருவர், சாலையில் ஒருவர். லடாக்கில் பயணம் செய்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம் இது. சட்டம் ஏமாந்தது, எல்லைக்குக் கூடுதல் காவல் ஒன்றும் கிடைக்கவில்லை, ஏஜெண்டுக்குக் கூலி கிடைத்தது. இதற்குப் பெயர் பாதுகாப்பா, தரகா?

மலைத்தனிமையில் ஆபத்துண்டு என்பார்கள். உண்மை. பத்தாயிரம் அடிக்கு மேலே மூச்சுத் திணறினால் துணைக்கு ஆள் வேண்டும்தான். அதற்கு வழி, ஒவ்வொரு சாவடியிலும் போனவர் பெயரை எழுதி, குறித்த நாளில் திரும்பாவிட்டால் தேடிப் போகிற ஏற்பாடு. ஊரில் ஒரு மருத்துவ விடுதி. தேவையானவர்க்கு அந்த ஊராரிலேயே ஒரு வழிகாட்டி. நகரத்திலே மேசைக்குப் பின்னால் அமர்ந்து தாள் எழுதுகிற ஏஜெண்டு, பனியில் விழுந்தவனைத் தூக்க வரப் போவதில்லை.

இந்தத் தரகினால் இழப்பது யார்? வெளிநாட்டான் மட்டும் என்று நினைப்பது பிழை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வருகிற பயணி எங்கே தங்குகிறான்? ஊர்க்காரன் வீட்டில். எதில் போகிறான்? பத்துப் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு சுமோ வண்டியில். எங்கே சாப்பிடுகிறான்? சாலையோரத்துத் தேநீர்க் கடையில். அவன் காசு அந்த மலையிலேயே இறங்குகிறது. மொத்தமாகக் கட்டணம் கட்டி, தூரத்து நகரத்து வண்டியில் வந்து, தூரத்து முதலாளியின் விடுதியில் தங்கிப் போகிறவன் காசோ, மலையேறுவதற்கு முன்பே பாதி கரைந்துவிடுகிறது. தனிப் பயணிக்குக் கதவடைக்கிற விதி, மலைக் குடும்பத்தின் அடுப்பையும் அணைக்கிறது.

மத்திய சர்க்காரின் ஒரு கையும் மறு கையும் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. எல்லையூர்கள் காலியாகின்றன, இளைஞர்கள் பிழைப்புத் தேடி இறங்கிவிடுகிறார்கள் என்று கவலைப்பட்டு, 'துடிப்பான கிராமங்கள்' என்ற திட்டத்துக்கு 2023 பிப்ரவரியில் 4,800 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தார்கள். வடக்கு எல்லையில் 19 மாவட்டங்கள், 46 வட்டாரங்கள் அதில் அடங்கும். சுற்றுலாவால் ஊருக்குப் பிழைப்புத் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் 2011 முதல் நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மாநிலங்களில் வெளிநாட்டாருக்குத் தளர்த்தியிருந்த அனுமதி முறையை, 2024 டிசம்பரில் மறுபடியும் இறுக்கினார்கள். பாதுகாப்புக் கவலை என்றார்கள். கவலை இருக்கலாம். அப்படியானால் கவலை எந்த ஊரில், எந்தப் பாதையில் என்று பிரித்துப் பார்த்துப் பூட்டக் கூடாதா? ஒரு கூடத்தில் திருடன் புகுந்தானென்று தெரு முழுவதையும் பூட்டுவார்களா?

உத்தரகண்டின் நேலோங் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1962 போரின்போது நேலோங், ஜாதுங் ஊர் மக்களை வெளியேற்றிக் கீழே பகோரியிலும் பிற இடங்களிலும் குடியேற்றினார்கள். 2015-இல் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் பள்ளத்தாக்கைத் திறந்தார்கள். இரவு தங்கக் கூடாது, பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவனுக்குக் கதவு திறந்தது. அந்த மண்ணில் பிறந்தவன் தன் வீட்டுக்குத் திரும்பும் நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. எல்லைக்கு உறுதியான காவல் எது? ஆளில்லாத ஊரா, அடுப்பெரியும் ஊரா?

அதற்காக, சீட்டை ஒழித்தாலே மக்கள் வாழ்ந்துவிடுவார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. லடாக்கின் எல்லைப் பகுதிகளுக்குச் செல்ல உள்நாட்டாருக்கு இருந்த சீட்டை 2021 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். போக்குவரத்து எளிதாயிற்று. ஆனால் லடாக் மக்களுக்கு நிலத்துக்கும் வேலைக்கும் இருந்த பழைய காப்பு, 2019-இல் காசுமீரத்தின் தனிநிலையோடு சேர்ந்து போய்விட்டிருந்தது. கதவு திறந்தது; வீட்டுக்காரனுக்குப் பட்டா உறுதி இல்லை. ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் மாநிலத் தகுதியும் கேட்டு அம்மக்கள் கிளர்ந்தார்கள். 2025 செப்டம்பர் 24-இல் லே நகரில் நான்கு உயிர்கள் துப்பாக்கிச் சூட்டில் பலியாயின. சீட்டு வேறு, நிலக்காப்பு வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டாம்.

உழைக்கும் தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மலைகளில் சாலை வெட்டுகிறவர்கள் யார்? ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் போகிற கூலித் தொழிலாளர்கள். அருணாசலத்துக்குள் நுழைய அவர்களுக்குக் காண்டிராக்டரின் பொறுப்பில்தான் சீட்டு. சீட்டு எவன் கையிலோ, குடுமியும் அவன் கையில். 2020 ஜூனில் எல்லைச் சாலை வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து இரயிலில் ஆட்களை அனுப்பியபோது, இடைத்தரகர் கூலியில் கை வைக்கக் கூடாது, தொழிலாளியின் கணக்கில் நேரே சேர வேண்டும் என்று அந்த மாநில சர்க்கார் வற்புறுத்த நேர்ந்தது. 2022 ஜூலையில், குருங் குமே மாவட்டத்துச் சாலை முகாமிலிருந்து, பண்டிகைக்கு ஊர் போக விடவில்லை என்று 19 அஸ்ஸாம் தொழிலாளர்கள் காட்டு வழியே கிளம்பினார்கள். சிலர் மீட்கப்பட்டார்கள், எல்லோரும் வீடு திரும்பவில்லை. பயணியின் சீட்டை ஏஜெண்டு பிடித்திருப்பதும் தொழிலாளியின் சீட்டைக் காண்டிராக்டர் பிடித்திருப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். முன்னவன் இழப்பது பணம். பின்னவன் இழப்பது உயிர்.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று, மலைவாசியின் நிலத்தைக் காக்கும் உள்கோட்டை, அம்மக்களின் சம்மதமின்றி எவரும் அழிக்கக் கூடாது. கோடில்லாத மலைகளிலும் நிலக்காப்பை எழுத்தில் தர வேண்டும்.

இரண்டு, இருவர் விதியும் ஏஜெண்டு கட்டாயமும் ஒழிய வேண்டும். தனியாக வருகிறவன் நேரே மனுச் செய்யட்டும். சோதனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

மூன்று, நுழைவுக் கட்டணத்தில் உரிய பங்கு அந்தந்த ஊர் மன்றத்துக்குச் சேர வேண்டும். எத்தனை பேர் வரலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லும் உரிமையும் ஊராருக்கே வேண்டும்.

நான்கு, தொழிலாளியின் சீட்டு தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும். காண்டிராக்டரை விட்டு விலகினாலும், ஊர் போய்ச் சேரும் வரையில் அது செல்ல வேண்டும்.

இவற்றில் எதுவும் இராணுவத்தின் கையைக் கட்டுவதன்று. தரகரின் கையை மட்டுமே கட்டுவது. அதைச் செய்ய சர்க்காருக்குத் தயக்கம் ஏனென்று நாடாளுமன்றத்தில் நம்மவர் கேட்க வேண்டும். சங்கங்களில் தோழர்கள் பேச வேண்டும். மலையின் கதவு மலைவாசியுடையது. சாவியும் அவனிடமே இருக்கட்டும்!