கைகுலுக்கலும் நோய்க்காப்பும்

கால்பந்தாட்டம் தொடங்குமுன் இரு குழுவினரும் எதிரெதிரே வரிசையாக நடந்து ஒருவர் கையை ஒருவர் பற்றிக் குலுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். ‘போட்டியிடப் போகின்றோம், பகைக்கப் போவதில்லை’ என்று சொல்லாமற் சொல்லும் அழகிய வழக்கம் அது. ஆட்டத்தோடு கூடவே மேலைநாட்டிலிருந்து வந்து, கைகூப்பி வணங்கும் இந்நாட்டிலும் வேரூன்றிவிட்டது. நோய் பரவும் காலத்தில் அவ்வழக்கத்தை நிறுத்திவைத்தல் தகுமா என்பதே நாம் ஆராய வேண்டுவது. தகும் என்பது மட்டுமன்று, நிறுத்திவைத்தலே கடமை என்பது என் கருத்து.

இக்கேள்வி நேற்றுப் பிறந்ததன்று. 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு முன், பிரிட்டன் ஒலிம்பிக் சங்கத்தின் தலைமை மருத்துவர், கைகுலுக்குவதைத் தவிர்க்குமாறு தம் நாட்டு வீரர்களுக்கு அறிவுரை கூறினார். அது மிகையான அச்சம் என்று கருதியோர் பலர். எட்டாண்டுகள் கழிந்தன. 2020 மார்ச்சுத் திங்களில் இலங்கைப் பயணத்தை மேற்கொண்ட இங்கிலாந்துக் கிரிக்கெட் குழுவின் தலைவர் ஜோ ரூட், தம் குழுவினர் கைகுலுக்கமாட்டார். மடக்கிய கையை மெல்ல முட்டி வாழ்த்துரைப்பர் என்று அறிவித்தார். அதற்கு முந்திய தென்னாப்பிரிக்கப் பயணத்தில் அக்குழுவினருட் பலர் வயிற்றுநோயாலும் காய்ச்சலாலும் வருந்தியிருந்தனர், பட்டறிவு பேசியது. அதே வாரத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தாட்டங்களிலும் ஆட்டத்துக்கு முந்திய கைகுலுக்கல் நிறுத்தப்பட்டது. மார்ச்சு 14 ஆம் நாள் கோவாவில் சென்னையின் எஃப்.சி. குழுவும் கொல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவும் ஆடிய இறுதியாட்டம், பார்வையாளர் ஒருவருமின்றி, வெற்று இருக்கைகளின் முன் நடந்தேறியது. அவ்வாண்டில் நம் பூந்தமல்லியிலுள்ள பொதுச் சுகாதார நிறுவனமும், நோய் ஐயமுற்றோரைத் தனித்து வைத்துக் காக்கும் இடமாகப் பயன்பட்டது.

‘தொண்ணூறு நிமிடம் தோளோடு தோள் இடித்து ஆடுவோர், ஒரு நொடி கைதொடுவதை விட்டுவிடுவதால் வரும் பயன் என்ன?’ என்று வினவுவார் உளர். கேட்கத்தக்க வினாவே. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். குழுவுக்குப் பதினொருவர், ஒவ்வொருவரும் எதிர்க்குழுவினர் பதினொருவரின் கையையும் பற்றினால், உள்ளங்கையும் உள்ளங்கையும் சேர்வது 121 முறை. நடுவரையும் துணை நடுவர் இருவரையும் சேர்த்துக்கொண்டால் 187 முறை. இத்தனையும் ஓரிரு நிமிடங்களுக்குள் நடந்துவிடுகின்றன! கால்பந்திலோ, கோல் காப்பவர் ஒழிந்த ஏனையோர்க்குக் கைக்கு வேலை மிகச் சிறிது; பந்தைக் கையால் தொடுவதே குற்றம். ஆகவே அவ்வாட்டத்தில் உள்ளங்கைகள் கலக்கும் பெருவாய்ப்பு இக்கைகுலுக்கல் ஒன்றேயாகும். சடுகுடு ஆட்டத்தின் கதை வேறு. அங்கே பிடிப்பதே ஆட்டம்; கைகுலுக்கலை மட்டும் விலக்குதல் நகைப்புக்கிடமாகும். நோய்க்காலத்தில் சடுகுடு ஆட்டத்தையே தள்ளிவைப்பதுதான் அறிவுடைமை.

எல்லா நோயும் கைவழியே செல்வதில்லை என்பதையும் மறத்தலாகாது. கொரோனா நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவியது என்று பின்னர்த் தெளிவாயிற்று. அந்நோயைப் பொறுத்தவரை கைகுலுக்கலை நிறுத்தியது சிறு காப்பே. வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் அங்ஙனமல்ல. கைவழியே எளிதிற் பரவுவன. அவற்றினும் தெளிவான சான்று நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ‘மெட்ராஸ் ஐ’ என்று மக்கள் வழங்கும் கண்நோயைத்தான் குறிப்பிடுகிறேன். 2022 நவம்பரிலும் அது தமிழ்நாட்டில் மிகுதியாகப் பரவியது. நோயுற்றவர் கண்ணை நோக்கினாலே அது ஒட்டிக்கொள்ளும் என நம்புவோர் இன்றும் உளர். அதனால் நோயாளி கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, எதிர்ப்பட்டவர்க்கெல்லாம் கை கொடுக்கிறார்! பார்வை நோயைக் கொண்டுசெல்வதில்லை. கண்ணைக் கசக்கிய கையே கொண்டுசெல்கிறது. வியர்வை வழிய ஆடும் மாணவன் எத்தனை முறை புறங்கையாலும் விரலாலும் கண்ணைத் துடைக்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1847 ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த நீரில் கைகழுவுமாறு மாணவர்களைப் பணித்தபோது, மகப்பேற்றுக் காய்ச்சலால் இறக்கும் தாய்மாரின் தொகை பெரிதும் குறைந்தது. ஆதலால் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு குழாயும் ஒரு சோப்புத் துண்டும் இல்லாமல், கைகுலுக்கலை மட்டும் தடைசெய்வது பாதிக் காப்பே ஆகும். தடை விதிப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. குழாய் வைப்பதற்கு வேண்டும். அதனாலேயே முன்னது எளிதில் நடக்கிறது.

தடை பொதுவிதியாக இருத்தல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கண் சிவந்த மாணவன் ஒருவன், நீட்டிய கையைத் தானாகவே மறுத்தால், எதிரிலிருப்பவன் அதனை அவமதிப்பாகக் கொள்வான். மறுக்க நாணினால் நோயைக் கொடுப்பான். இரண்டுமே தீது. ‘இன்று எவரும் கைகுலுக்கவேண்டா, வணக்கம் கூறுக’ என்று ஆட்டத்தை நடத்துவோர் முன்னரே அறிவித்துவிட்டால், நோயுற்றவனும் நலமுற்றவனும் ஒரே வரிசையில் நிற்பர், எவர்க்கும் தலைகுனிவு இல்லை. அவ்விதிக்கு முடிவுநாள் ஒன்றும் வேண்டும். முடிவில்லாத் தடை, நோய் நீங்கிய பின்பும் மனிதர்களை விலக்கி வைக்கும் பழக்கமாகிவிடக் கூடும். தீண்டுதல் விலக்கப்பட்ட கொடுமையை நெடுங்காலம் கண்ட நாடு நம் நாடு.

இனி, பூந்தமல்லியில் இவ்விதியைச் செய்வோர் சிறப்பாகக் கருத வேண்டுவது ஒன்றுண்டு. பார்வையற்ற மாணவர்க்கென அரசு நடத்தும் பள்ளி இவ்வூரில் இருக்கிறது. பார்வையற்றோரும் கால்பந்து ஆடுவர். 2004 ஆம் ஆண்டு ஏதென்சு நகரிலிருந்து அவ்வாட்டம் பாராலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்று வருகிறது. ஓசையெழுப்பும் பந்தைச் செவியால் தேடி நால்வர் ஆடுவர். கோல் காப்பவர் மட்டும் பார்வையுடையவராக இருக்கலாம். பந்தின் ஒலி கேட்கவேண்டும் என்பதற்காகப் பார்வையாளர் வாய் பேசாது அமர்ந்திருப்பர். அத்தகைய ஆட்டக்காரர் ஒருவரின் முன் நாம் கைகூப்பி நின்றால் அவர் எதனைக் காண்பார்? நமக்கு ஒரு சடங்காக இருக்கும் கைகுலுக்கல், எதிரில் ஒருவர் நிற்கிறார் என்பதை அவர்க்கு அறிவிக்கும் செய்தியாகும். அதனை நிறுத்தும்போது வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும்.

அது கடினமுமன்று. வரிசையில் நடந்துவரும் ஒவ்வொருவரும், எதிரிலிருப்பவர் முன் நின்று, தம் பெயரைத் தெளிவாகக் கூறி, ‘வணக்கம்’ என்று உரைத்தல் போதும். பார்வையுடைய மாணவர் ஆடும் ஆட்டங்களிலும் இதனையே முறையாக்கலாம். இப்போது கைகுலுக்கிச் செல்வோர் பலர், எதிராளியின் முகத்தைக்கூட நோக்காமல் அடுத்த கைக்குத் தாவுகின்றனர். ஆட்டம் முடிந்த பின்னும் அவர் பெயரை அறியார்.