பொருத்தனையும் மருந்துச் சீட்டும்

ஆண்டின் முதல் வாரத்தில் எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வருவோர் பலரின் கோப்புகளில், பரிசோதனைத் தாள்களுக்கிடையே ஒரு சிறு அட்டையும் இருக்கும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் அவர்கள் எடுத்த வாக்குத்தத்த அட்டை அது. இறைவன் மனிதனுக்குத் தரும் வாக்கு அதில் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மறுமொழியாக மனிதன் இறைவனுக்குத் தரும் வாக்கோ எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. படுக்கையருகிலும் அறுவை அரங்கின் வாசலிலும் மனத்துக்குள் செய்யப்படும் அந்தப் பொருத்தனை மருத்துவர் காதுக்கு வருவது அரிது. வராமற் போவதற்கு எங்களுக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அறுபதைக் கடந்த ஒரு தாயார் எங்களிடம் சிகிச்சை பெற்று வந்தார். அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. லெந்து நாட்கள் தொடங்குமுன், உபவாசம் இருக்கலாமா என்று அவர் எங்களிடம் கேட்டார். வெளியே நோயாளிகள் காத்திருந்த அவசரத்தில், “சர்க்கரை நோயில் அதெல்லாம் கூடாதம்மா” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டோம். மூன்றாம் வாரத்தில் டயாலிசிஸ் பிரிவின் வெளித்திண்ணையில் வியர்த்து மயங்கிக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். இரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். காலையில் மாத்திரையை விழுங்கியிருந்தார், உணவு உண்ணவில்லை. நினைவு திரும்பியபின் அவர் சொன்னது: “உங்ககிட்ட சொன்னா வேண்டாம்பீங்க. வாக்கு குடுத்தாச்சே டாக்டர்.”

அவர் உயிருக்கு ஏற்பட்ட ஆபத்து விசுவாசத்தால் வந்ததன்று. விசுவாசமும் மருத்துவமும் ஒரே உடலைப் பற்றித் தனித்தனியே முடிவெடுத்ததால் வந்தது. நாங்கள் ‘கூடாது’ என்ற சொல்லோடு நின்றோம். அவர் ‘இருப்பேன்’ என்ற சொல்லோடு நின்றார். இடையில் பேசவேண்டியது எவ்வளவோ இருந்தது.

முதலாவதாக, பொருத்தனை என்பது மாற்ற இயலாத இரும்புச் சங்கிலி என்னும் எண்ணத்தைப் பேசவேண்டும். பொருத்தனையைச் செலுத்தாமல் விடுவதைவிடச் செய்யாதிருப்பதே நலம் என்று பிரசங்கி எச்சரிப்பது பலருக்கு மனப்பாடம். ஆனால் லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தைப் படிப்பவர் குறைவு. பொருத்தனைக்குரிய மதிப்பைச் செலுத்த இயலாத ஏழை ஆசாரியன்முன் நிற்கவேண்டும். அவனுடைய திராணிக்கேற்ப ஆசாரியன் மதிப்பைக் குறைக்கவேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. திராணி என்பது பணத்துக்கு மட்டும் உரியதாகுமா? இன்சுலின் போட்டுக்கொள்பவரின் திராணியும் திராணிதானே என்று நாங்கள் கருதுகிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபை இதனைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, தனிப்பட்ட பொருத்தனையைச் செய்தவரே அதனை அதற்கு நிகரான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். தகுந்த காரணம் இருப்பின் பங்குத்தந்தை அதிலிருந்து விடுவிக்கலாம்; அதனினும் எளிய ஒன்றாக மாற்றியும் தரலாம். உண்ணா நோன்புக் கடமையும் 18 வயது நிறைந்தோருக்கு, 59 வயது முடியும் வரைதான். அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களில். இதனை அறியாமல், எழுபது வயதில் நாற்பது நாளும் பட்டினி கிடப்போரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்வோர் குறித்தும் ஒரு சொல். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்ட சிலர், அதன்பின் எங்களிடம் வருகிறார்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் உடைந்தது தெரியாது. சீழ் வைத்து நாற்றம் வந்த பின்னரே தெரியும். சிலருக்கு விரலை இழக்க நேர்கிறது. அன்னையிடம் பேருந்தில் சென்றாலும் அவர் முகம் திருப்பிக்கொள்ளமாட்டார் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. உறுதி வேண்டுவோர் தம் பங்குத்தந்தையைக் கேட்கட்டும்.

நோயாளரைப் பேணுவோருக்குத் தனியே ஒன்று சொல்லவேண்டும். யெப்தா யோசியாமல் வாக்குக் கொடுத்தான். அதன் விலையைச் செலுத்தியவள் அவன் மகள். மகன் பிழைத்தால் ஓராண்டு இரவுணவு உண்ணமாட்டேன் என்று நேரும் தாயின் வாக்கையும் வீடு முழுவதும் சுமக்கிறது. அவர் தளர்ந்து விழுந்தால் மகனுக்கு மருந்து கொடுப்பவர் யார்?

இவ்வளவு சொல்வதால், தீர்மானங்களே வேண்டாம் என்பது எங்கள் கருத்தென்று கொள்ளவேண்டா. நோயில் மனம் சிதறும்போது ஒரு தீர்மானம் நாளுக்கு வடிவம் தருவதை அன்றாடம் காண்கிறோம். எப்படிப்பட்ட தீர்மானம் என்பதுதான் வினா. எங்களுக்குப் பிடித்த முன்மாதிரி தானியேல். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று இருதயத்தில் தீர்மானித்தவன், அதனை ஒளித்துவைக்கவில்லை. தன் உடல்நலத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போய்ச் சொன்னான். பத்து நாள் சோதித்துப் பாருங்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டான். குறுகிய காலம், அளந்தறியக்கூடிய பயன், பொறுப்பாளரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. எங்கள் நோயாளிகள் இப்படி வந்து கேட்டால் எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

1755 ஆகஸ்டு 11 அன்று ஜான் வெஸ்லி இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் முதல் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினார். அவ்வழக்கம் இன்றும் மெதடிஸ்டு சபைகளில் புத்தாண்டையொட்டித் தொடர்கிறது. அதில் இக்காலத்தில் சொல்லப்படும் மன்றாட்டில், இறைப்பணியில் பயன்படுவதை மட்டுமன்றி, ஒதுக்கிவைக்கப்படுவதையும் மனமார ஏற்பதாக விசுவாசி சொல்கிறார். படுக்கையில் இருப்பவருக்கு இதைவிடக் கடினமான வாக்கு உண்டோ என்று நாங்கள் எண்ணுவதுண்டு. வெறுங்காலோடு நடப்பது இதற்கு எளிது.

நடைமுறைக்கு வருவோம். நோன்பு எண்ணம் இருந்தால் சில வாரம் முன்பே சொல்லுங்கள். கிளிமிபிரைடு, கிளைகிளசைடு போன்ற மாத்திரைகள் உணவில்லாவிடினும் சர்க்கரையை இறக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு பட்டினி சேர்ந்தால் இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறக்கூடும். முதல்வகை நீரிழிவில் இன்சுலினை ஒருநாளும் முழுவதுமாக நிறுத்தலாகாது. இவற்றில் எதையும் தாமாக மாற்றவேண்டா. நேரமும் அளவும் நாங்கள் திருத்தித் தருவோம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அக்கணமே நோன்பை முடித்துக்கொள்ளவேண்டும். இருக்கவே இயலாதவர்கள் உண்டு. அவர்களுக்கு அதனையும் காரணத்தோடு சொல்லுவோம், ஒரே வரியில் அன்று.

அந்தத் தாயார் மறு ஆண்டு லெந்து தொடங்குமுன் தம் சபை ஆயரோடு பேசிவிட்டு வந்தார். உணவை விடவில்லை, இனிப்புத் தேநீரை விட்டார். நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பதாகவும், டயாலிசிஸுக்குத் தனியே வரும் ஒருவருக்கு வாரம் ஒருமுறை மதிய உணவு கொண்டுவருவதாகவும் தீர்மானித்தார். உயிர்த்தெழுந்த திருநாளுக்குப் பின் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். ஒரே பக்கத்தில் சர்க்கரை அளவும் நடந்த நேரமும் தேதிவாரியாக இருந்தன. நடுவில் மூன்று நாள்கள் வெறுமையாக இருந்தன. என்னவென்று கேட்டோம். “அவருக்கு ரொம்ப முடியல, நடக்கப் போகல” என்றார். நான்காம் நாளில், அதே கையெழுத்தில், கணக்கு மீண்டும் தொடங்கியிருந்தது.