கோடு போடுகிறவர்களாம்!

ஆட்டோமேஷனில் மூளை முழுக்க பி.எல்.சி. புரோகிராமில்தான் இருக்கிறதாம். எலக்ட்ரிக்கல் டிசைன் இன்ஜினியர் வெறுமனே கோடு போடுகிறவராம். அந்தக் கோட்டையும் இனி மென்பொருளே போட்டுவிடுமாம். சென்ற இதழில் இப்படி எழுதிய நண்பர், பேனல் கதவைத் திறந்து உள்ளே பார்த்தவராகத் தெரியவில்லை.

அவருக்கு ஒரு கணக்கு. பேனலிலிருந்து 80 மீட்டர் தள்ளி ஒரு சோலினாய்டு வால்வு: 24 வோல்ட், அரை ஆம்பியர். கேபிள் 0.5 ஸ்கொயர் எம்.எம். போக வர 160 மீட்டர் கம்பியின் மின்தடை ஆறு ஓமை நெருங்கும். ஏறக்குறைய மூன்று வோல்ட் வழியிலேயே போய்விடும். வால்வுக்குக் கிடைப்பது 21. வழக்கமான வால்வுக்கு 10 விழுக்காடு குறையலாம் என்று வைத்தாலும் 21.6 வேண்டும். திரையில் அவுட்புட் பச்சையாக எரியும். வால்வு ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. நண்பர் புரோகிராமில் எந்த வரியைத் திருத்துவார்?

மென்பொருள் ஒயர் நம்பர் போடும், டெர்மினல் பட்டியல் எடுக்கும். யார் மறுத்தது? அந்த 0.5-ஐயும் அழகாக அச்சிட்டுத் தரும். 22 கிலோவாட் டிரைவ் 97 விழுக்காடு திறனில் ஓடினாலும் 600 வாட்டுக்கு மேல் வெப்பத்தைப் பேனலுக்குள் கொட்டும். ஸ்ரீபெரும்புதூரின் மே மாத வெயிலில் அதை எப்படி வெளியேற்றுவது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

இதையெல்லாம்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். எமர்ஜென்சி ஸ்டாப்பையும் சாதாரண இன்புட்டாக எடுத்து, புரோகிராமிலேயே மோட்டாரை நிறுத்தினால் போதும் என்கிறாரே, அதை விட முடியாது. கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் அவுட்புட் அணைந்த பிறகும் மோட்டார் சுற்றும். உள்ளே கைவிட்ட தொழிலாளியின் கை போகும். அதற்காகத்தான் பட்டனில் இரண்டு என்.சி. கான்டாக்ட், சேஃப்டி ரிலே, தொடராக இரண்டு கான்டாக்டர், ஒட்டியதைக் காட்டிக்கொடுக்க ஃபீட்பேக். அபாயத்தின் அளவைப் பார்த்து இதில் எவ்வளவு தேவை என்று ஐ.எஸ்.ஓ. 13849-இன்படி முடிவெடுப்பது எந்த மூளை? சேஃப்டி பி.எல்.சி. இருக்கிறதே என்பார். இருக்கிறது. அதற்கும் இரட்டை வயரிங்கை யாரோ ஒருவர் வரையத்தான் வேண்டும்.

இரவு ஷிஃப்டில் லைன் நின்றால் எலக்ட்ரீஷியன் முதலில் தேடுவது டிராயிங்கை. புரோகிராமுக்குத்தான் பல ஆலைகளில் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார்களே!

எங்களைக் கோடு போடுகிறவர்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். எமர்ஜென்சி ஸ்டாப் பற்றிய அந்தப் பத்தியை மட்டுமாவது அடுத்த இதழில் திரும்பப் பெற வேண்டும். படித்துவிட்டு யாராவது அப்படியே செய்துவிடப் போகிறார்கள்.